மலையும் வேண்டாம், நதியும் வேண்டாம்

பணி ஓய்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஆஸ்பத்திரியில் எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிறவளுக்கான கவிதை எழுதியாகிவிட்டது என்ற செய்தி சலவைக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் தையல்காரர். கிழிந்த விரிப்புகளுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டு அதே கூடத்தின் மூலையில் இருபது வருஷம் உட்கார்ந்திருந்தவர் அவர். போன வருஷமே ஓய்வு பெற்றுவிட்டார். வீட்டில் பேச ஆள் போதவில்லை என்று வாரத்துக்கு இரண்டு தடவையாவது ஆஸ்பத்திரிப் பக்கம் வந்துவிடுவார்.

"உனக்கு நதி வந்திருக்கும்மா," என்றார். "பதிவறையில பார்த்துட்டுத்தான் வர்றேன். நதி, விளக்கு, பூ. மூணும் இருக்கு."

அக்கா விரிப்பை உதறிக்கொண்டே, "உங்களுக்கு மலை வந்துச்சே, அதுக்கு இது தேவலை," என்றாள்.

"மலைக்கு என்ன குறைச்சல்? ஹால்ல நடுவுல மாட்டியிருக்கேன். என் வீட்டுக்காரிதான், பல்லி வர்றப்போ எல்லாம் 'மலை, கொஞ்சம் நாற்காலியை விட்டு இறங்கு'ன்னு மானத்தை வாங்கறா."

அந்த ஆஸ்பத்திரியில் யார் ஓய்வு பெற்றாலும் ஒரு கவிதை வாசிப்பார்கள். எழுதுகிறவர் பதிவறைக் கிளார்க். நல்ல மனுஷர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர், எல்லாரும் அவரைக் கவிஞர் என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய பாணி அவருக்கு ஆகாது. எதுகை மோனை இல்லாமல், வரிகளை உடைத்து உடைத்து, மூச்சு விட்டு விட்டு வாசிப்பார். ஆனால் அவர் எழுதியது மொத்தமே இரண்டு கவிதைகள்தான் என்று எக்ஸ்ரே அறைப் பெண் ஒருநாள் கண்டுபிடித்துவிட்டாள். ஆண் ஓய்வு பெற்றால் ஒன்று, பெண் ஓய்வு பெற்றால் ஒன்று. பெயரும் வருஷமும் மட்டும் மாறும். ஆணுக்கு மலை, தேக்கு, இடி. பெண்ணுக்கு நதி, விளக்கு, பூ. பத்து வருஷத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து பதினொரு மலைகளும் ஏழு நதிகளும் வெளியே போயிருந்தன.

மற்ற நேரமாக இருந்தால் அக்காவும் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். இந்தத் தடவை சிரிக்க முடியவில்லை. விழாவுக்கு அவள் கணவரும் மகளும் வரப்போகிறார்கள். முப்பத்தோரு வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒருநாள்கூட சலவைக்கூடத்துப் படி ஏறியதில்லை. அவள் என்ன வேலை பார்த்தாள் என்று அவர்கள் காதால் கேட்கப்போவது அந்த ஒரு மத்தியானம்தான். அதில் நதியும் பூவும் வந்தால், கேட்டுவிட்டுக் கைதட்டி, டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அதோடு போயிற்று.

வீட்டில் எல்லாரும் அவள் துணி மடிக்கிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படிச் சொன்னவள் அவளேதான். மகளுக்கு அதில் ஒரு சந்தேகம் மட்டும் சின்ன வயசிலிருந்தே உண்டு. "வருஷக்கணக்கா மடிக்கற, ஒரு சட்டையைக்கூட நேரா மடிக்கத் தெரியலையேம்மா," என்பாள். "ஆஸ்பத்திரியில வளைஞ்சாதான் எடுத்துக்குவாங்க," என்று சொல்லி அக்கா சமாளித்துவிடுவாள்.

டீ நேரத்தில் அவள் பதிவறைக்குப் போனாள். கவிஞர் எழுந்து நாற்காலி போட்டார்.

"வாங்கக்கா. கேள்விப்பட்டிருப்பீங்க. உங்களுக்குன்னு ரொம்ப ஊறி எழுதினது."

"படிங்க தம்பி, கேட்போம்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"நீ ஒரு நதி
சத்தமில்லாமல் ஓடினாய்
நீ ஒரு விளக்கு
உனக்காக அல்ல
எங்களுக்காக உருகினாய்
உன் பாதம் பட்ட இடத்தில்
பூக்கள்
பூக்கள் மட்டுமே."

வாசித்து முடித்துவிட்டு அவர் கண்ணை மூடியிருந்தார். திறக்கட்டும் என்று அக்கா காத்திருந்தாள்.

"தம்பி, சலவைக்கூடத்துல மெஷின் போடற சத்தம் உங்க ரூம் வரைக்கும் கேட்கும். சத்தமில்லாம எங்க ஓடினேன்? என் பக்கத்துல நிக்கறவங்ககிட்ட நான் கத்தித்தான் பேசணும்."

"அது உருவகம்க்கா."

"சரி, உருகினாய்னு போட்டிருக்கீங்க. உருகிட்டா அப்புறம் வேலையை யாரு பார்க்கறது?"

"பெண்மைன்னா மென்மை. கொடுக்கறது, கரையறது. அதை வெச்சுத்தானே எழுத முடியும்?"

"அந்தப் பெண்மை எல்லாம் இருக்கட்டும். நான் பார்த்த வேலை இதுல எந்த வரியில இருக்கு?"

கவிஞர் தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் இருக்குமோ என்பதுபோல. பிறகு ஏதோ புரிந்த மாதிரி தலையாட்டினார். "உங்க மனசு தெரியுது. நாளைக்கு வாங்க. வேற மாதிரி கொடுக்கறேன்." கவிதைக்குக் கண்ணாடிச் சட்டம் போடுகிறவருக்குப் போன் செய்து, நிறுத்தி வையுங்கள் என்றும் சொல்லிவிட்டார். அந்த மட்டும் கடவுள் வழி விட்டார் என்று அக்கா திரும்பி வந்தாள்.

மறுநாள் டீ நேரத்தில் அவர் புதுத் தாளோடு வாசலிலேயே நின்றிருந்தார்.

"நீ ஒரு மலை," என்று ஆரம்பித்தார். "புயலுக்கு அசையாதவள்."

"போதும் தம்பி."

"முழுசாக் கேளுங்க."

"இது தையல்காரர் வீட்டு ஹால்ல தொங்குது. அசையாதவன்னு இருந்ததை அசையாதவள்னு மாத்தியிருக்கீங்க."

"மென்மை வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க? அப்போ உறுதி. உறுதின்னா மலை."

"நான் ஒருநாள் அசையாம நின்னா இங்க ஒரு கட்டிலுக்கும் விரிப்பு இருக்காது. டாக்டர் வெறும் ரெக்சின்ல படுக்க வெச்சு ஆபரேஷன் பண்ணணும்."

கவிஞருக்கு முகம் சுண்டிப்போனது. அவருக்கும் பொறுமை கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. மேசையைத் திறந்து இன்னொரு தாளை எடுத்தார். "இது ராத்திரி தானா வந்தது. இரண்டையும் கலந்திருக்கேன். இதுவும் பிடிக்கலைன்னா என்கிட்ட வேற இல்லக்கா."

"பாதி மலை பாதி நதி
ஒரு கண்ணில் நெருப்பு
ஒரு கண்ணில் நீர்
பெண்ணாய்ப் பிறந்தாய்
ஆணாய் உழைத்தாய்."

கண்ணைப் பற்றி வந்தபோது, இந்த ஆளை முதலில் கண் டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். கடைசி வரி வந்ததும் அந்த வேடிக்கை எல்லாம் போய்விட்டது. உள்ளங்கை சூடேறிவிட்டது அவளுக்கு. கோபம் வந்தால் மனசுக்குள் ஆண்டவன் பெயரைச் சொல்லிக்கொள்வது அவள் வழக்கம். இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொல்வதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"உழைச்சது நான் தம்பி. அதைக் கொண்டுபோய் எதுக்கு ஒரு ஆம்பளை கையில குடுக்கறீங்க?"

"பாராட்டித்தானேக்கா எழுதியிருக்கேன்."

"எழுந்து வாங்க. ஒரு பத்து நிமிஷம் என்கூட வந்து நில்லுங்க."

சலவைக்கூடத்தில் மூன்று அறைகள். கடைசியில் இருப்பது மடிக்கிற அறை. வெளிச்சமும் காற்றும் வரும், ஜன்னலில் செடிகூட வைத்திருந்தார்கள். நடுவில் இருப்பது மெஷின்கள். முதல் அறை பிரிக்கிற அறை. வார்டிலிருந்தும் ஆபரேஷன் தியேட்டரிலிருந்தும் அழுக்குத் துணி மூட்டையாகக் கட்டி வந்து இறங்குவது அங்கேதான். மருந்து வாடையும் இன்னொரு வாடையும் கலந்து வரும். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் சாப்பிட மாட்டார்கள். அக்கா முப்பத்தோரு வருஷம் நின்றது அந்த அறையில்.

தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு அப்பால் கவிஞரை நிறுத்திவிட்டு அவள் கெட்டியான ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டாள். தியேட்டரிலிருந்து வந்த மூட்டை ஒன்றை முடிச்சைப் பிடித்து, கையை நீட்டி, உடம்பிலிருந்து தள்ளியே தூக்கி மேசையில் வைத்தாள். மேசையின் மேல்பரப்பில் இரும்புத் தகடு அடித்திருந்தது. அது அவள் கேட்டுக் கேட்டு, நாலு வருஷம் மனு எழுதி வாங்கின தகடு.

"ஏன் அப்படிப் பாம்பைத் தூக்கற மாதிரி தூக்கறீங்க?" என்றார் கவிஞர்.

"அதுக்குத்தான் உங்களைக் கூட்டிட்டு வந்தேன். இங்க வேலைக்கு வர்ற ஆம்பளைங்க முதல் நாள் என்ன செய்வாங்க தெரியுமா? மூட்டையை முழங்காலால ஒரு அமுக்கு அமுக்குவாங்க. பலம் காட்டறாங்களாம். பொம்பளைங்க வந்தா, வீட்டுத் துணி மாதிரி இடுப்புல வெச்சு அணைச்சுத் தூக்குவாங்க. ரெண்டையும் நான் மறக்கடிக்கணும். அமுக்கவும் கூடாது, அணைக்கவும் கூடாது. அதுக்கே ஆளுக்கு மூணு மாசம் ஆகும்."

சொல்லிக்கொண்டே ஒரு மூலையை மட்டும் விலக்கினாள். துணியை நுனியில் பிடித்துத் தகட்டின் மேல் உதறினாள். ஒன்று, இரண்டு. மூன்றாவது விரிப்பை உதறும்போது தகட்டில் சன்னமாக ஒரு சத்தம் கேட்டது. அவள் குறடால் அதை எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள். பிறை மாதிரி வளைந்த ஒரு ஊசி. நுனியில் நூல் இன்னும் இருந்தது.

கவிஞர் ஒரு அடி பின்னால் போனார். "இது தினமும் வருமா?"

"தினமும் வராது. என்னைக்கு வரும்னு சொல்லிட்டு வராது, அவ்வளவுதான். கத்தரி வந்திருக்கு, பிளேடு வந்திருக்கு, பல் செட் ஒரு கூடை வந்திருக்கு."

"கையில ஏறினா?"

அக்கா ஊசியைத் தகர டப்பாவில் போட்டு மூடினாள். "நான் சேர்ந்த முதல் மாசம், எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த அம்மா கையில ஏறுச்சு. இதோ, இந்த மேசை முன்னாலதான். நோயாளி ரத்தம் அதுல இருந்தது. அந்த அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்து, ஈரல் கெட்டு, ஆறு மாசத்துல போயிட்டாங்க. அன்னையிலிருந்து காலையில முதல் மூட்டையைத் தொடறதுக்கு முன்னால, இன்னைக்கும் யார் கையும் கிழியாம பார்த்துக்கோ சாமின்னு கேட்டுட்டுத்தான் தொடறேன். என்கிட்ட பத்தொன்பது பேர் வேலை பழகினாங்க தம்பி. ஒருத்தர் கையிலயும் ஏறலை. இதை எழுதுங்களேன்னுதான் கேட்கறேன். இதுல ஆம்பளை எங்க இருக்கான், பொம்பளை எங்க இருக்கா?"

கவிஞர் டப்பாவைப் பார்த்தார். "வீட்ல இதைக் கேட்டுட்டு என்ன சொல்றாங்க?"

அக்கா அடுத்த மூட்டையின் முடிச்சை அவிழ்ப்பதுபோல் தடவினாள்.

"வீட்ல தெரியாதா?"

"மடிக்கிற வேலைன்னு சொல்லியிருக்கேன்."

"எத்தனை நாளா?"

"சேர்ந்த நாள்லேருந்து. அந்த அம்மா போன அன்னைக்கே சொல்லணும்னு பார்த்தேன். அவருக்கு ரத்தத்தைப் பார்த்தா மயக்கம் வரும். சொன்னா வேலையை விடுன்னு நிப்பாரு. விட எனக்கு மனசில்லை. வேலை பிடிச்சிருந்தது, நல்லாவும் வந்தது. அப்புறம் சொல்லிக்கலாம், அப்புறம் சொல்லிக்கலாம்னு போயிடுச்சு."

கவிஞர் தலையில் கை வைத்துக்கொண்டார். இரண்டு நாளாக அவரைப் போட்டு வாட்டியதெல்லாம் அப்போது வெளியே வந்தது. "நல்ல கதைக்கா. முப்பத்தோரு வருஷமா வீட்ல பூன்னு சொல்லி வெச்சுட்டு, நான் பூன்னு எழுதினா என்னைப் பிடிச்சு உலுக்கறீங்க. நீங்க சொல்லாததை நான் மைக்ல சொல்லணுமா? உங்க வீட்டுக்காரர் மயங்கி விழுந்தா யாரு தாங்கறது?"

"அதுக்குத்தானே ஆஸ்பத்திரியிலயே வெச்சிருக்கு விழாவை," என்றாள் அக்கா. வாய் அப்படிச் சொன்னதே தவிர, மனசுக்குள் சுருக்கென்றது. அந்த ஆள் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

விழா மாடியில் இருந்த கூட்ட அறையில், மத்தியானம் மூன்று மணிக்கு. கணவர் இஸ்திரி போட்ட சட்டையில், முன் வரிசையில், முழங்கால்களைச் சேர்த்து வைத்து உட்கார்ந்திருந்தார். இரும்புச் சாமான் கடையில் விற்பனையாளர் அவர். நாள் முழுக்க ஆணியும் தாழ்ப்பாளும் எடுத்துக் கொடுக்கிறவர், கூட்டத்தில் உட்கார்ந்து பழக்கமில்லை. மகள் அலுவலகத்தில் அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள். தையல்காரரும் அழைக்காமலே வந்து, பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் இடம் பிடித்திருந்தார்.

மேற்பார்வையாளர் அம்மா இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "இப்போ நம்ம கவிஞர்," என்றார். கவிஞர் எழுந்து வந்தார். கையில் மூன்று தாள்கள். அவர் எதை வாசிக்கப் போகிறார் என்று அக்காவுக்குத் தெரியாது. நேற்று முழுக்க அவர் முகத்தையே காட்டவில்லை. அவள் சேலை முனையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"அக்காவுக்கு மூணு கவிதை எழுதினேன்," என்றார் கவிஞர். "மூணையும் அக்கா வேண்டாம்னுட்டாங்க. நேத்து நாலாவதுக்கு உட்கார்ந்தேன். விடிய விடிய எழுதினாலும் என் கைக்கு ஆம்பளைக் கவிதை வருது, இல்லாட்டி பொம்பளைக் கவிதை வருது. அக்கா பார்த்த வேலை வரமாட்டேங்குது. என் பத்து வருஷத்துல இது முதல் தடவை. அதனால, அக்கா வாயாலயே கேட்டுக்கலாம்."

மைக்கைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார்.

படுபாவி, கழுத்தை அறுத்துட்டியே என்று அக்கா மனசுக்குள் சொன்னாள். நாலு வரி எழுதித் தரச் சொன்னால் மொத்தத்தையும் தலையில் தூக்கி வைத்துவிட்டான். எல்லாரும் அவளையே பார்த்தார்கள். மகள் போனை நீட்டி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். கணவர் தைரியம் சொல்வதுபோல் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

"நான் மடிக்கிற வேலை பார்க்கலை," என்றாள். மைக் கீச்சிட்டது. கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். "மடிக்கிறது கடைசி ரூம். நான் முதல் ரூம்ல இருந்தேன். ஆபரேஷன் முடிஞ்சு வர்ற துணியைப் பிரிச்சு, உள்ளே ஊசி, பிளேடு இருந்தா எடுத்துட்டு மெஷினுக்கு அனுப்பறது என் வேலை. எனக்கு முன்னால இருந்த அம்மாவுக்கு ஊசி ஏறி, நோய் வந்து, இறந்துட்டாங்க. அதுக்கப்புறம் அந்த ரூம்ல யாருக்கும் எதுவும் ஆகலை. அதுல பாதி என் கவனம், பாதி கடவுள். வீட்ல சொன்னா விடமாட்டாங்கன்னு சொல்லலை. அது என் தப்பு. ஆனா அந்த வேலையை நான் நல்லாப் பார்த்தேன். அதை என் வீட்ல தெரிஞ்சுக்கணும். அவ்வளவுதான்."

யாரும் கைதட்டவில்லை. தட்டலாமா என்று யாருக்கும் தெரியவில்லை. மகளின் போன் மடியில் இறங்கியிருந்தது. கணவர் எழுந்தார். எழுந்த வேகத்தில் பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் சாய்ந்தது. அவர் நேராக மேடைக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது. மயங்கி விழப்போகிறார் என்று நினைத்து இரண்டு நர்சுகள் பக்கத்தில் வந்துவிட்டார்கள்.

"கையைக் காட்டு," என்றார்.

"எதுக்கு? எல்லாரும் பார்க்கறாங்க."

"காட்டுன்னா காட்டு."

அவள் மைக் இல்லாத கையை நீட்டினாள். அவர் அதைப் புரட்டி, கடையில் திருகாணிக்கு மரை தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல், ஒவ்வொரு விரலாகப் பார்த்தார்.

"இது என்ன?"

"வெங்காயம் நறுக்கினது."

"இது?"

"உங்க டிபன் டப்பா மூடி. இறுகிப்போச்சு, வேற வாங்குங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"இது?"

"அதுவும் மூடிதான்." அவளுக்கு அலுப்பாக வந்தது. "வாங்கின காயம் எல்லாம் வீட்ல வாங்கினதுதாங்க. இங்க ஒன்னும் இல்லை. அதைத்தானே இவ்வளவு நேரமா சொல்லிட்டிருக்கேன்."

முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "எனக்குத் தெரிஞ்சிருந்தா ஒருநாள்கூட விட்டிருக்க மாட்டேன்," என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. கோபம் அடங்கவில்லை, குரல் மட்டும் உடைந்திருந்தது.

"தெரியும்."

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கறேன்."

"பேசுங்க. பேசித்தான் ஆகணும்."

கண் ஓரத்தில் ஏதோ அசைந்தது. திரும்பிப் பார்த்தாள். கவிஞர் ஒரு தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு, பின்பக்கத்தில் வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தார்.

"தம்பி, பேனாவை மூடுங்க," என்றாள் மைக்கில். "இவர் கண்ணுல தண்ணி நிக்குது. நீங்க உடனே நதின்னு போட்டுடுவீங்க."

இப்போது எல்லாரும் சிரித்தார்கள், மகளும். கவிஞர் பேனாவை மூடினார். கணவர் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்தக் கை," என்றார்.

மைக்கை எங்கே வைப்பது என்று அவள் சுற்றிலும் பார்த்தாள். தையல்காரர் அதற்குள் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். கிடைத்தால் விளக்குப் போடுகிற நேரம் வரை அவர் பேசி முடிக்கமாட்டார் என்று தெரிந்தே அதை அவரிடம் கொடுத்துவிட்டு, அவள் அந்தக் கையையும் நீட்டினாள்.